கேட்ட கேள்விக்குப் பதில் வராத கூட்டம்

கேள்வி: ஐயா, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் கமிட்டியில் இருக்கிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் மண்டபக் கூரை சேதமானது. அப்போது ஒட்டுப்போட்டுச் சமாளித்தோம். இப்போது மறுபடி ஒழுகுகிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒதுக்கும் பணத்தை நிறுத்திவிட்டுக் கூரையை மாற்றலாமா என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேச்சு வந்தது. ஒரு அங்கிள் மைக்கைப் பிடித்தவர் அரை மணி நேரம் விடவில்லை. இன்னொருவர் குறுக்கே கத்தினார். பழைய கணக்கு, யாருடைய அப்பா என்ன செய்தார் என்றெல்லாம் போய், ஓட்டெடுக்காமலே கூட்டம் கலைந்தது. மிச்சச் சண்டை வாட்ஸ்அப்பில் நடக்கிறது. பள்ளியில் விவாதக் குழுவில் இருக்கும் என் மகள் வரும் வழியில் கேட்டாள்: “ஏன்மா, யாரும் யாருக்கும் பதில் சொல்லவே இல்லையே?” எங்கள் தாத்தா காலத்தில் கூட்டங்கள் இப்படி இல்லை என்கிறார்கள். உண்மையிலேயே பேச்சுத் தரம் போய்விட்டதா? அவர்கள் பள்ளியில் இன்று ஒரு பக்கம், நாளை மறுபக்கம் பேச வைக்கிறார்களே, அது அவளுக்கு நல்லதா? அடுத்த மாதம் சிறப்புக் கூட்டம். வகுப்பு தொடர வேண்டும் என்று நான் பேச வேண்டும். எழுந்து நின்றாலே குரல் நடுங்குகிறது. என் தமிழும் அரைகுறை. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்கள் மகள் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு விவாதம் பழக்குவதும் சங்கங்களுக்குக் கூட்டம் நடத்தக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் நான் உட்கார்ந்து கேட்கும் கூட்டங்களில் குரல் வளத்துக்குக் குறைவில்லை, துணிச்சலுக்கும் குறைவில்லை. எதிரே இருப்பவர் சொன்னதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கடமையுணர்வுதான் குறைந்துபோயிருக்கிறது. ஒருவர் கூரை ஒழுகுகிறது என்கிறார். அடுத்தவர் தமிழ் அழிகிறது என்கிறார். இரண்டும் உண்மை. ஆனால் கூரைக்காரர் தமிழைப் பற்றிப் பேசவில்லை, தமிழ்க்காரர் கூரையைப் பற்றிப் பேசவில்லை. தன் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை என்று தெரிந்ததும் மனிதர் அதையே இன்னும் உரக்கச் சொல்வார். மூன்றாவது முறை கத்துவார். உங்கள் கூட்டத்தில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

தாத்தா காலத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் எல்லாரும் நாவலர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் நம் பொதுப்பேச்சின் கதையே பேச வராத ஒருவரிடமிருந்துதான் தொடங்குகிறது. பம்பாயில் ஒரு சின்ன வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து, தலை சுற்றி, வாய் வராமல் உட்கார்ந்துவிட்ட இளம் வக்கீல் காந்தி. அவர் 1893இல் இங்கே வந்து, பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களைக் கூட்டிப் பேசினார். தன் வாழ்நாளின் முதல் பொதுமேடைப் பேச்சு அதுதான் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வியாபாரத்தில் உண்மையாக இருப்பதுதான் அன்றைய பொருள். கேட்க வந்தவர்கள் வியாபாரிகள். அவர்களைப் புகழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். அவர்களுக்கு உறைக்கக்கூடிய விஷயத்தையே எடுத்தார், அதற்கு நன்றாகத் தயார் செய்துகொண்டும் போனார். பம்பாயில் வராத வாய் இங்கே வந்ததற்கு நான் காணும் காரணம் இதுதான்: சொல்ல ஒரு விஷயம் இருந்தது, யாரிடம் சொல்கிறோம் என்பதும் தெரிந்திருந்தது.

1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் நடந்த கூட்டத்தை நான் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். சுமார் 3,000 பேர். எட்டு வயதுக்கு மேற்பட்ட இந்தியர் எல்லாரும் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று, ஜோகன்னஸ்பர்க் அடங்கிய அன்றைய டிரான்ஸ்வால் காலனி அரசு சட்டம் கொண்டுவரப் பார்க்கிறது. அரங்கம் கொதிக்கிறது. ஹாஜி ஹபீப் என்ற வணிகர் எழுந்து, கடவுள் சாட்சியாக இதற்குப் பணிய மாட்டோம் என்று உறுதி எடுக்கச் சொல்கிறார். அந்த நேரத்தில் கூட்டத்தை இன்னும் சூடேற்றுவது எவ்வளவு சுலபம். காந்தி எழுந்து அவசரப்படாதீர்கள் என்கிற தொனியில்தான் பேசினார். சிறைக்குப் போக நேரலாம், பட்டினி கிடக்க நேரலாம், சொத்துப் போகலாம், நாடு கடத்தப்படலாம், பக்கத்தில் இருப்பவர் விலகினாலும் நீங்கள் நிற்க முடியுமா என்று ஒவ்வொருவரும் தன் மனதைத் தொட்டுப் பாருங்கள் என்றார். உறுதிமொழிக்கு எதிராக யாருக்காவது தோன்றக்கூடிய தயக்கங்களை எல்லாம் அவரே எடுத்து வைத்தார். அதற்குப் பிறகுதான் கைகள் உயர்ந்தன.

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. பேச்சு பெரும்பாலும் இந்தியிலும் குஜராத்தியிலும் இருந்ததால், தீர்மானத்தின் பொருளைத் தமிழிலும் தெலுங்கிலும் முழுதாக விளக்கிச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். புரியாமல் யாரும் கை தூக்கக் கூடாது என்று நினைத்தார்கள். இன்று நம் கோயில் கூட்டங்களில் எழுபது, எண்பது வயது அவ்வாக்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்க, மேடையில் ஆங்கிலம் ஓடிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வந்தவர் செந்தமிழில் பொழிவார், இளைஞர்கள் போனைப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு வாக்கியம் மாற்றிச் சொல்லும் பொறுமை இல்லை. 120 வருஷத்துக்கு முன்னால் மூவாயிரம் பேருக்குச் செய்ததை நாம் நூறு பேருக்குச் செய்ய முடியாதா? எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

1946ஐயும் பாருங்கள். நிலமும் வீடும் எங்கே வாங்கலாம் என்று இந்தியர்களுக்குக் கோடு போட்ட சட்டத்தை எதிர்த்து, டர்பன் ரெட் ஸ்குவேரில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். டாக்டர் மான்ட்டி நாயக்கர் பேசினார், டாக்டர் குணம் பேசினார். இருவரும் எடின்பரோவில் படித்த மருத்துவர்கள். பேசியவர்கள் பேச்சோடு நிற்கவில்லை, சட்டத்தை மீறிச் சிறைக்குப் போனார்கள். அந்த இயக்கத்தில் சுமார் 2,000 பேர் சிறை சென்றார்கள். சொன்ன சொல்லுக்கு மறுநாளே விலை கொடுக்க வேண்டியிருந்தால், வாயில் வந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்பவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். அப்புறம் வந்த வருஷங்களில் இனஒதுக்கல் அரசு தலைவர்களுக்குத் தடை போட்டது. தடை விதிக்கப்பட்டவர் கூட்டத்துக்குப் போகக் கூடாது, அவர் சொன்னதைப் பத்திரிகை போடுவதே குற்றம். மேகசின் பராக்ஸ், கேட்டோ மேனர் என்று கூடிப் பேசிப் பழகிய இடங்களிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒரு சமூகம் தன் கூட்டப் பழக்கத்தை இழந்தது தானாக நடக்கவில்லை. ஆகவே இந்தத் தலைமுறைக்குத் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நடுவில் அறுந்த பழக்கம், மறுபடி பழகினால் வரும்.

சரி, நம் வீட்டுக் கதை மட்டும்தானா இது? நாட்டு அரசியலைப் பாருங்கள். 1994 ஏப்ரல் 14 அன்று, தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னால், மண்டேலாவும் அன்றைய அதிபர் டி கிளர்க்கும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் மோதினார்கள். மண்டேலா அன்று மென்மையாகப் பேசவில்லை, கடுமையாகவே தாக்கினார். ஆனால் முடிவில் எதிராளியிடம் கையை நீட்டி, நாட்டை முன்னே கொண்டுபோக இந்தக் கையைப் பிடித்துக்கொள்வதில் பெருமைப்படுகிறேன் என்று சொன்னார். இருபது வருஷம் கழித்து, 2014 ஆகஸ்டில், அதே நாட்டின் நாடாளுமன்றத்தில் பணத்தைத் திருப்பிக் கொடு என்ற கோஷம் எழுந்து அவையே நின்றுபோனது. 2015 பிப்ரவரியில் அதிபர் உரையின்போது அவைக்குள் போன் சிக்னலையே முடக்கினார்கள், உறுப்பினர்களைக் காவலர்கள் வெளியே தூக்கிப் போனார்கள். அந்தக் கூச்சலை நான் நல்ல பேச்சு என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு அடியில் ஒரு நேரான கேள்வி இருந்தது: அன்றைய அதிபர் ஜேக்கப் ஜூமாவின் நிகாண்ட்லா ஊர் வீட்டுக்குச் செலவான அரசுப் பணத்தில் அவர் கட்ட வேண்டியதை எப்போது கட்டுவார்? பதில் அவையில் வரவில்லை. 2016 மார்ச்சில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வந்தது. 78 லட்சம் ரேண்ட் கட்டப்பட்டது. அந்தப் பதில் அவையில் ஒரு நாள், ஒரு மணி நேரத்தில் வந்திருக்கலாம் என்று இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வாட்ஸ்அப்பையும் டிவியையும் எல்லாரும் குறை சொல்கிறார்கள், அதிலும் உண்மை உண்டு. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வராத இடத்தில்தான் கூச்சல் முளைக்கிறது. கோயில் மண்டபமானாலும் கேப் டவுன் அவையானாலும் எனக்குத் தெரிந்து இதில் வித்தியாசம் இல்லை.

உங்கள் மகளைப் பற்றி. பள்ளி விவாதத்தில் இரண்டு பக்கமும் பேச வைப்பது நல்லது, பயப்படாதீர்கள். உலகப் பள்ளிகள் பாணி என்று சொல்வார்கள். ஒரு பக்கம் மூன்று பேர், ஆளுக்கு எட்டு நிமிடம், கடைசியில் நான்கு நிமிட மறுமொழி. நூறு மதிப்பெண்ணில் கருத்துக்கு 40, பேசும் விதத்துக்கு 40, உத்திக்கு 20. எதிரணி பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து கேள்வி கேட்க உரிமை உண்டு, பேசுபவர் நேரம் பார்த்து அதை ஏற்றுப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கூட்டத்தில் இல்லாதது அங்கே சட்டமாகவே இருக்கிறது. அதனால்தான் அவளுக்கு அந்தக் குறை உடனே கண்ணில் பட்டது.

ஆனால் அதில் ஒரு ஆபத்தும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நடுவர் ஒருவரைப் பார்த்தே பேசிப் பழகிய பிள்ளை, எதிரே இருப்பவரை மனம் மாற்ற வேண்டிய ஆளாகப் பார்ப்பதை மறந்துவிடும். வேகமாகப் பேசினால் வாதம் கூடும் என்று நினைக்கும். சில போட்டிகளில் வாதத்தைவிட ஆங்கில உச்சரிப்புக்கே பரிசு போவதையும் பார்த்திருக்கிறேன். அது அநியாயம், நடுவராக உட்காரும்போதெல்லாம் அதை எதிர்த்துச் சொல்கிறேன். அவளுக்கு வீட்டில் ஒரு பயிற்சி கொடுங்கள். தனக்குப் பிடிக்காத கருத்தை, அந்தக் கருத்துள்ளவர் கேட்டால் “ஆமாம், இதைத்தான் நான் சொன்னேன்” என்று தலையாட்டும்படி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மறுத்துப் பேசலாம். சாப்பாட்டு மேசையிலேயே செய்யலாம்.

நம் பிள்ளைகள் ஐஸ்டெட்ஃபோட் எனும் கலை, மொழிப் போட்டி மேடைகளில் பேசுவதையும் இங்கேயே சொல்ல வேண்டும். பெரியவர் யாரோ எழுதிக் கொடுத்த தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்து அழகாகச் சொல்கிறார்கள். நானும் கைதட்டுகிறேன், மொழி காதில் விழுகிறதே என்று சந்தோஷமாகவும் இருக்கிறது. ஆனால் சொல்லி முடித்த பிள்ளையிடம் நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்கும்படி விதியை மாற்றினால் நன்றாக இருக்கும். பதில் உடைந்த தமிழில் வரட்டும், பாதி ஆங்கிலத்திலேயே வரட்டும், பிள்ளை தானாக யோசித்த முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். வாதம் செய்வது நமக்குப் புதிதும் இல்லை. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு ஊரை அழைக்கும் முரசறைவோன், வாதம் புரிபவர்களைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்லி அழைக்கிறான். பகைவரோடுகூடக் கோபமும் சண்டையும் செய்யாமல் விலகிப் போங்கள் என்றும் அதே மூச்சில் சொல்கிறான்.

இனி உங்கள் பேச்சு. அரைகுறைத் தமிழ் என்று வருந்த வேண்டாம். காந்தியோடு டிரான்ஸ்வால் போராட்டத்தில் நின்ற தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்தவர், பள்ளிப்படிப்பு என்று ஒன்றும் பெரிதாக இல்லை. அவர் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை இருந்திருக்கலாம் என்று காந்தியே எழுதுகிறார். தமிழையும் அப்படியே பழக்கத்தில் பிடித்துக்கொண்டவர். இந்துஸ்தானி பேசுவார், தெலுங்கும் கொஞ்சம் தெரியும், மொரீஷியஸ் கிரியோல் நன்றாகவே தெரியும். டிரான்ஸ்வால் தமிழர்கள் அவர் பின்னால் சிறைக்குப் போனார்கள். மறுபக்கம், 1927இல் இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. அவர் ஆங்கிலத்தைக் கேட்க வெள்ளையர்களே அரங்கை நிறைத்தார்கள். அந்த நாவன்மையை நம் பிள்ளைகளின் படிப்புக்காகச் செலவழித்தார், டர்பனில் சாஸ்திரி கல்லூரி எழுந்தது. இருவரும் அவரவருக்கு வந்த மொழியில்தான் பேசினார்கள். உங்களுக்கு வருகிற மொழியில் பேசுங்கள். முக்கியமான வாக்கியத்தை மட்டும் இரண்டு மொழியிலும் சொல்லுங்கள்.

பேச்சை முழுதாக எழுதி வாசிக்காதீர்கள், தலை குனிந்துவிடும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் சொல்ல வேண்டியதைச் சின்னக் காகிதத்தில் நான்கைந்து சொல்லாகக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் நின்றபடி, வாய்விட்டு, மகளைக் கேட்க வைத்துப் பழகுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது பயிற்சியே ஆகாது. எழுந்ததும் உடனே பேசாமல் ஒரு மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்துத் தொடங்குங்கள். நடுக்கம் பெரும்பாலும் முதல் இரண்டு வாக்கியத்தோடு அடங்கிவிடும். எனக்குப் பேச வராது, மன்னியுங்கள் என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். நம் பெண்கள் பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள், கூட்டம் அதோடு காதை மூடிக்கொள்கிறது.

என்ன சொல்வது? நானாக இருந்தால் கூரையிலிருந்து தொடங்குவேன். இப்படி:

“கூரை ஒழுகுகிறது என்று அங்கிள் சொன்னது சரி. இன்னொரு மழைக்காலம் தாங்காது, மண்டபம் போனால் கல்யாண வாடகை போகும், வாடகை போனால் வகுப்பும் நடக்காது. இதுதான் அவர் வாதம், நான் இதை ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி ஒன்றுதான். வகுப்புப் பணத்தை முழுதும் நிறுத்தினால் கூரைச் செலவில் எத்தனை பங்கு தேறும்? இதோ கொட்டேஷன், இதோ வகுப்புக் கணக்கு. கூரையை ஒருமுறை மாற்றினால் பல வருஷம் நிற்கும், அதற்குத் தனி வசூல் செய்யலாம். வகுப்பு ஒரு வருஷம் நின்றால் ஆசிரியர் போவார், பிள்ளைகள் போவார்கள், மறுபடி கூட்ட முடியுமா என்று தெரியாது. அதனால் வகுப்பைத் தொடருங்கள், கூரைக்கு இன்றே வசூல் குழு போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்ததில் வகுப்புப் பணம் கூரைச் செலவில் பெரும் பங்கு என்று வந்தால், உங்கள் வாதத்தைத்தான் மாற்ற வேண்டும், எண்களை மறைக்கக் கூடாது. ஒரு வருஷத்துக்குப் பாதிப் பணம், ஆசிரியர் தொடர்வார் என்ற உறுதியோடு, என்று கேளுங்கள்.

அந்த அங்கிளைக் கூட்டத்துக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். டீ குடித்துக்கொண்டே அவர் வாதத்தைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள், நீங்கள் புரிந்துகொண்டது சரியா என்று அவரிடமே சொல்லிக் காட்டுங்கள். அரை மணி நேரம் மைக்கை விடாதவர்களில் பலர், இதற்கு முன்னால் யாரும் தங்களை முழுதாகக் கேட்டதில்லை என்பதால்தான் விடுவதில்லை. என் அனுபவத்தில், வீட்டில் கேட்டுவிட்டு வந்தால் மேடையில் அவர் பேச்சு தானாகச் சுருங்கும்.

கமிட்டியிடம் சில விதிகளை இப்போதே கேட்டு வாங்குங்கள். தீர்மானத்தை ஒரே வாக்கியமாக, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கொட்டேஷனோடும் வகுப்புக் கணக்கோடும் ஒரு வாரம் முன்னால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். எல்லாரும் ஒருமுறை பேசிய பிறகுதான் யாருக்கும் இரண்டாம் முறை. இரண்டாவதாகப் பேசுபவரிலிருந்து எல்லாரும், முன்னால் பேசியவர் சொன்னதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் தன் கருத்தைத் தொடங்க வேண்டும். தலைவருக்கே ஒரு பக்கம் சாய்வு இருந்தால் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் இன்னொருவர் நாற்காலியில் உட்காரட்டும். தீர்மானத்தை விட்டு யாருடைய அப்பாவையாவது இழுத்தால் அந்த இடத்திலேயே மைக்கை வாங்கக் கூட்டத்தை நடத்துபவருக்கு அதிகாரம் வேண்டும். மணி அடித்து நேரம் சொல்ல உங்கள் மகளைப் போடுங்கள், விவாதக் குழுவில் அவளுக்கு இது பழகின வேலை. வாட்ஸ்அப் குழுவில் கூட்டம் முடியும்வரை அறிவிப்பு மட்டும் என்று அட்மின் பூட்டிவிடலாம்.

ஓட்டு உங்களுக்கு எதிராகப் போனால், அன்று மாலையே குழுவில் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். கூரை வசூலில் முதல் பெயராக உங்கள் பெயரைப் போடுங்கள். வகுப்பை அடுத்த கூட்டத்தில் மறுபடி கொண்டுவரும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதற்காகத்தான் ஒன்று கேட்கிறேன்: நம் மினிட்ஸ் புத்தகங்களில் முடிவை மட்டும் எழுதி மூடிவிடுகிறார்கள். இந்த முறை இரண்டு பக்கமும் சொன்ன முக்கியக் காரணங்களையும் செயலாளர் எழுதட்டும், தோற்ற பக்கத்தின் காரணத்தையும் சேர்த்து. கூட்டம் முடிவதற்கு முன்னால் அதை உரக்க வாசித்து, சரிதானா என்று இரு தரப்பையும் கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.